இரண்டு மின்கார்களும் எங்கள் குசினி பிளக் பாயிண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு பதிப்பின் வாகனப் பக்கத்தில் உயர் ரக மின்கார்கள் இரண்டை ஒப்பிட்டு எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். காரணம், அதே இரண்டு கார்களுக்கு நடுவில்தான் நானும் இரண்டு மாதமாக முழித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று டெஸ்லா மாடல் ஒய், இன்னொன்று பி.ஒய்.டி. சீலயன் 7. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட டெஸ்லாவுக்கு 5.9 வினாடி, பி.ஒய்.டி.க்கு 6.7 வினாடி என்று கட்டுரை தொடங்கியது. ஐயா, நான் வீட்டை விட்டு வெளியே வந்தால் முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் போகும். அதன் பின்னாலேயே இருபது கிலோமீட்டர் வேகத்தில் மெயின் ரோடு வரைக்கும் ஊர்ந்து போக வேண்டும். மிச்சமாகிற அந்த ஒரு வினாடிக்கும் குறைவான நேரத்தை நான் எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது?

குறை சொல்வதற்காக எழுதவில்லை. கோலாலம்பூரில் அடுக்குமாடியில் இருக்கிறவர்களுக்கு அந்தக் கட்டுரை உதவும். பேராக்கின் தென்மேற்கு மூலையில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி வீடு கட்டிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்றவர்கள் கேட்கிற கேள்வி ஒன்றுகூட அதில் இல்லை. அதனால் நானே கேட்டு, நானே விசாரித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். அப்பா தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர். லயத்து வீட்டில் பிறந்தவள் நான், படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில். என் வீட்டுக்காரர் லோரி டிரைவராக இருந்து சொந்தமாக ஒரு லோரி வாங்கினார். அது மூன்றானது. தோட்டத்தில் வெட்டிப் போட்ட குலைகளை ஏற்றி மில்லில் இறக்குவதுதான் எங்கள் பிழைப்பு. ஆறு வருடத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. அன்றிலிருந்து லோரி, டிரைவர், டயர், டீசல், பில் எல்லாம் என் தலையில். வயது 57. டயரைத் தட்டிப் பார்த்துக் காற்று போதுமா போதாதா என்று சொல்லிவிடுவேன். தொடுதிரை என்றால்தான் கொஞ்சம் தடுமாற்றம்.

அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தெலுக் இந்தானுக்குப் போக இருபது, வர இருபது கிலோமீட்டர். அவர் உள்ளே நாலு மணி நேரம் படுத்திருப்பார், நான் வெளியே காரில் உட்கார்ந்து லோரி கணக்கு பார்ப்பேன். ஏர்கோன் வேண்டுமென்றால் எஞ்சினை ஓடவிட வேண்டும். நாலு மணி நேரம் ஓடவிட்டால் பெட்ரோலும் போகும், பக்கத்துக் காரில் இருப்பவர் முறைக்கவும் முறைப்பார். கண்ணாடியை இறக்கினால் கொசு. ஒரு தடவை என் தம்பி மகன் தன்னுடைய மின்காரில் எங்களைக் கூட்டிப்போனான். அன்றைக்கு நாலு மணி நேரமும் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தேன். சத்தம் இல்லை, புகை இல்லை. செலவானது ஐந்து யூனிட் அளவு மின்சாரம், வீட்டுக் கட்டணத்தில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். மின்கார் ஆசை எனக்கு வந்தது அங்கேதான், ஷோரூமில் இல்லை.

2025 தீபாவளிக்கு அவன் கிள்ளானிலிருந்து அதே காரில் வந்தான். "அத்தை, ராத்திரிக்கு சார்ஜ் போட்டுக்கவா?" என்றான். தாராளமாகப் போட்டுக்கொள் என்றேன். குசினி ஜன்னல் வழியாக ஒயரை விட்டு, ஐஸ்பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தப் பாயிண்டில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டான். விடிகாலை மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். ஏதோ கருகின வாடை. முறுக்கு சுட்ட எண்ணெய் வாடையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிளக்கைத் தொட்டால் கை சுட்டுவிட்டது. காலையில் கழற்றிப் பார்த்தபோது பாயிண்டின் முகம் பழுப்பேறி ஒரு பக்கம் உருகியிருந்தது.

காரின் மேல் குற்றம் இல்லை. பாயிண்ட் 1990களில் போட்டது. கெத்தலும் அயர்ன் பாக்ஸும் கொஞ்ச நேரம் இழுத்துவிட்டு நின்றுவிடும். கார் சார்ஜர் அப்படி இல்லை. பத்து ஆம்பியரை ராத்திரி முழுக்க விடாமல் இழுக்கிறது. உள்ளே ஒரு திருகு லேசாகத் தளர்ந்திருந்தாலும் அந்த இடத்தில் சூடு ஏறிக்கொண்டே போகும். ஐஸ்பெட்டியில் வைத்திருந்த ஆட்டிறைச்சி கெட்டுப்போனது தனிக் கதை, அதை இங்கே எழுதவில்லை.

அதற்கப்புறம் கார் பார்ப்பதை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்க்க ஆரம்பித்தேன். போனில் பேசிய ஒருவர், வீட்டுக்கு வராமலேயே, 7 கிலோவாட் சுவர் சார்ஜர் மாட்டித் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்றார். நல்லவேளை அனுப்பவில்லை. எங்கள் லோரி பட்டறைக்கு வயரிங் செய்து கொடுத்த, பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டேன். அவர் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, ஏழு கிலோவாட்டுன்னா 32 ஆம்பியர் அதுக்கே போயிடும். உங்க வீட்டுக்கு வர்றதே 60. ரெண்டு ஏர்கோன், ஹீட்டர், அந்தப் பெரிய ஃப்ரீசர் எல்லாம் ஒண்ணா ஓடினா மெயின் விழுந்திடும்." மூன்று ஃபேஸ் இணைப்புக்கு மாற்றலாம், ஆனால் மின்சார நிறுவனமான தெனாகாவில் மனு போட வேண்டும், பெட்டி மாற்ற வேண்டும், கேபிள் புதிதாக இழுக்க வேண்டும் என்றார். எல்லாம் சேர்த்து அவர் போட்ட கணக்கு 4,800 வெள்ளி. அப்புறம்தான், இதுவரை எந்த விற்பனையாளரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: "ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீங்க?"

டயாலிசிஸ், மில், தோட்டம், மாதம் ஒரு தடவை கிள்ளானில் இருக்கும் மகள் வீடு, எல்லாம் சேர்த்து மாதம் 1,500 கிலோமீட்டர் வரும். நாளுக்கு ஐம்பது. பத்து ஆம்பியரில் 230 வோல்ட் என்றால் 2.3 கிலோவாட். ராத்திரி ஒன்பது மணி நேரம் போட்டால் இருபது யூனிட். அதில் நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடலாம். அப்படியிருக்க எதற்கு 7 கிலோவாட்? மெயின் பெட்டியிலிருந்து கார் போர்ச்சுக்கு வேறெதற்கும் பகிராத தனி லைன், தனி பிரேக்கர், மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சரியான டிரிப் சுவிட்ச், கனமான புது பாயிண்ட். இவ்வளவுக்கும் 650 வெள்ளி கேட்டார். வீட்டில் சார்ஜர் வசதி செய்துகொள்ளும் செலவுக்கு வரிக்குரிய வருமானத்தில் 2,500 வெள்ளி வரை கழிவு உண்டு என்பதையும் வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கு முடிந்ததும் இரண்டு கார்களின் சார்ஜ் வேகம் என் மண்டையிலிருந்து இறங்கிவிட்டது. வேக சார்ஜரில் சீலயன் 150 கிலோவாட் வரை வாங்கும், மாடல் ஒய் அதைவிடக் கொஞ்சம் கூட வாங்கும். பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும்போது தாப்பா ஓய்வுப் பகுதியில் 180 கிலோவாட் சார்ஜர் இருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு எப்படியும் அங்கே கால் நீட்டி உட்கார வேண்டும். எந்தக் காராக இருந்தாலும் அவர் எழுந்திருப்பதற்குள் போதுமான அளவு ஏறியிருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை போகிற பயணத்துக்கு இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தூரமும் அப்படித்தான். ஒரு சார்ஜில் மாடல் ஒய் 466 கிலோமீட்டர், சீலயன் 482 என்று சோதனைக் கணக்கு. ஏர்கோனோடு ஓடும்போது அவ்வளவு வராது, சரி. கிள்ளானுக்கு சபாக் பெர்ணம் வழியாகப் போக 130, வர 130. இரண்டுமே போய்விட்டுத் திரும்பிவிடும். ஆனால் இந்த எண்களுக்குள் ஒரு விஷயம் இருக்கிறது, லோரிக்காரர்களுக்குத்தான் அது கண்ணில் படும். சீலயனின் பேட்டரி 82.5 யூனிட் கொள்ளும். மாடல் ஒய்யின் கீழ் ரகத்துக்கு அறுபதை ஒட்டித்தான். இருந்தும் தூரம் ஏறக்குறைய ஒன்று. அதாவது அந்த வண்டி குறைந்த தீனியில் அதே வேலையைச் செய்கிறது. எடையிலும் தெரிகிறது. மாடல் ஒய் சுமார் 1.9 டன், சீலயன் இரண்டேகால் டன், ஆள் ஏறாமலேயே. முந்நூறு கிலோ சும்மா சுமந்துகொண்டு ஓடினால் டயர் தேயும் என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த விஷயத்தில் டெஸ்லாவுக்கு என் ஓட்டு. வீட்டுக்காரரும் தலையாட்டினார்.

ஆனால் அவரைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்த அன்று கதை மாறிவிட்டது. வேண்டுமென்றே டயாலிசிஸ் முடிந்த மறுநாளாகப் பார்த்து அழைத்துப்போனேன், உடம்பு அசதியாக இருக்கும்போதுதான் நிஜம் தெரியும். மாடல் ஒய்யில் எண்ணெய்க் கட்டையிலிருந்து (ஆக்சிலரேட்டர்) காலை எடுத்தால் வண்டி தானாகவே வேகம் குறைகிறது, அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பிப் போகிறது. நல்ல வேலைப்பாடுதான். ஆனால் பழகாத என் கால் எடுத்து எடுத்து வைத்ததில் அவர் தலை முன்னும் பின்னும் ஆடியது. "என்னம்மா, எக்சாஸ்ட் பிரேக் போட்டு மலை இறக்குறியா?" என்றார். பத்து நிமிடத்தில் குமட்டுகிறது என்று சொல்லிவிட்டார். பழகிக்கொண்டால் சரியாகிவிடும், எனக்கும் தெரியும். சீலயனிலும் அதே ஏற்பாடு உண்டு, ஆனால் அது மெதுவாகப் பிடிக்கிறது, பழைய காரிலிருந்து மாறுகிறவளுக்குத் தோதாக இருந்தது. அதில் அவர் தூங்கிவிட்டார். வேறு நற்சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை.

அப்புறம் அந்தக் கண்ணாடிக் கூரை. இரண்டுக்கும் உண்டு. குளிர் நாட்டுக்காரனுக்கு வெயில் வரம், நமக்கு அப்படியா? மத்தியானம் ஒரு மணிக்கு, நிழலே இல்லாத வாகன நிறுத்துமிடத்தில் நாலு மணி நேரம் நிற்கப்போகிற கார் இது. சீலயனில் ஒரு பொத்தானை அமுக்கினால் உள்ளே திரை மூடிக்கொள்கிறது. மாடல் ஒய்யில் கண்ணாடிக்கு நிறம் ஏற்றியிருக்கிறார்கள், வெப்பத்தைத் தடுக்கும் என்கிறார்கள், ஆனால் திரை இல்லை. வேண்டுமானால் தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளலாம். வழுக்கைத் தலையில் கை வைத்துப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் அவர். திரை இருக்கட்டும் என்றார்.

வேகம் பார்ப்பதற்கு மாடல் ஒய்யில் ஸ்டியரிங்குக்கு நேரே ஒன்றும் கிடையாது. நடுவில் இருக்கும் பெரிய திரையின் ஓரத்தில் பார்க்க வேண்டும். சீலயனில் கண்ணுக்கு நேரே எண் தெரிகிறது. நடுத்திரை வேறு பொத்தானை அமுக்கினால் நெட்டுக்குத்தாகச் சுழல்கிறது. எதற்குச் சுழல வேண்டும் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை, பேரப்பிள்ளைகளுக்கு மட்டும் அது போதும். ஒன்று சொல்ல வேண்டும். மாடல் ஒய்யில் உள்ளேயிருந்து கதவைத் திறக்க ஒரு சின்னப் பொத்தான்தான். ஊசி குத்திக் குத்திக் கை பலமில்லாமல் போனவருக்கு அது பெரிய உதவி. அதை மட்டும் கழற்றி இதில் மாட்ட முடியுமா என்று அவர் கேட்டார்.

எஸ்யூவி என்ற பெயரை நம்பித் தோட்டத்துச் சாலையில் இறக்கிவிடாதீர்கள். வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி இரண்டுக்குமே பதினாறு, பதினேழு சென்டிமீட்டர்தான். நம்மூர் பெரோடுவா அருஸுக்கு 22. அடியில் படுத்திருப்பதோ காரிலேயே விலை அதிகமான சாமான், பேட்டரி. லோரி ஓடி ஓடிப் பள்ளமான சாலையில் நடுமேடு எவ்வளவு உயரம் நிற்கும் என்று தோட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால் தோட்டத்துக்குள் போக என்னிடம் இருக்கும் பழைய பிக்கப்பே போதும், இந்தக் கார் தார்ச்சாலையோடு நிற்கும். இரண்டிலும் ஸ்பேர் டயரும் இல்லை, ஒட்டுவதற்குப் பசையையும் காற்றடிக்கும் கருவியையும்தான் நம்ப வேண்டும். செம்பனை முள் குத்தினால் பசை தாங்கலாம், டயரின் பக்கச் சுவர் கிழிந்தால் இழுவை வண்டிதான்.

மழைக்காலத்தில் பேராக் ஆறு ஏறினால் எங்கள் பக்கம் தண்ணீர் நிற்கும். பேட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் போகாதபடி அடைத்திருக்கிறார்கள், உண்மை. அதற்காக வெள்ளத்தில் ஓட்டிப் பார்க்க நான் தயாராக இல்லை. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் அடங்காது. சிறப்பு ஆபத்துப் பிரிவைத் தனியாகக் காசு கட்டிச் சேர்க்க வேண்டும். புதுக் கார் வாங்குகிற குஷியில் இதை விட்டுவிடுகிறவர்கள் நிறைய.

இப்போது காசு. "மின்கார் வாங்கினால் மிச்சம்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். நான் போட்டுப் பார்த்தேன். சீலயன் நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் குடித்தால், யூனிட் 44 சென் என்று வைத்து எட்டு வெள்ளி. என் பழைய பெட்ரோல் கார் நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர் குடிக்கிறது. 2025 செப்டம்பர் கடைசியில் நமக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 சென் ஆனது, அப்போது மாதம் 300 லிட்டர் வரை. அது பதினாறு வெள்ளி. ஆக நூறு கிலோமீட்டருக்கு எட்டு வெள்ளி மிச்சம், மாதம் 1,500 கிலோமீட்டருக்கு 120 வெள்ளி. அதிலும் வீட்டு மின்சாரம் மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் பில்லில் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் ஏறும். காரோ அறிமுகமானபோது 183,800 வெள்ளி. பத்து விழுக்காடு முன்பணம் கட்டி, ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டியை முழு முதலுக்கும் போட்டு, ஒன்பது ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை 1,876 வெள்ளி. 120 வெள்ளி மிச்சம் பிடிக்க 1,876 வெள்ளி கட்டுகிறேன். இதை மிச்சம் என்று என் வீட்டில் யாரும் பேசக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்றையும் பாருங்கள். கடன் ஒன்பது ஆண்டு. பேட்டரிக்கு உத்தரவாதம் இரண்டு கார்களுக்கும் 8 ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர். நான் ஓடுகிற ஓட்டத்துக்கு எட்டு ஆண்டில் 144,000. எட்டாம் ஆண்டு முடிந்ததும் உத்தரவாதம் போய்விடும், தவணை மட்டும் இன்னும் பன்னிரண்டு மாதம் வந்துகொண்டிருக்கும். அதனால் முன்பணத்தைக் கூட்டி ஏழு ஆண்டில் முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு லோரியை விற்றால் முன்பணம் வந்துவிடும். டிரைவர் ஒருவர் ஓய்வு பெறப்போகிறார், புது ஆளும் கிடைக்கவில்லை.

அப்படியானால் எதற்கு இவ்வளவு விலையில், இதைவிட மலிவாக புரோட்டோன் இ.மாஸ் 7 மின்கார் இருக்கிறதே என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்வி. ஓட்டிப் பார்த்தேன், நல்ல கார்தான். என் பதிலில் கணக்கு இல்லை. முப்பது வருடம் டீசல் புகையில் குளித்த மனிதர், வாழ்நாளில் ஒரு தடவை நல்ல காரின் பின் சீட்டில் சாய்ந்து உட்காரட்டும் என்று எனக்கு ஆசை. இதில் வேடிக்கை, சீலயனில் விலை குறைந்த ரகத்துக்குத்தான் 'பிரீமியம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வாங்குவதும் அதுதான்.

முதலில் போன ஒரு ஷோரூமில், அது இந்த இரண்டு கார்களும் விற்காத வேறு கடை, விற்பனையாளர் கடைசி வரை என் தம்பி மகனின் முகத்தைப் பார்த்தே பேசினார். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அவனுக்குத்தான் போனது. காசோலையில் யார் கையெழுத்துப் போடுவார் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம். வெளியே வந்து சிரித்துக்கொண்டோம்.

அதற்கப்புறம் தினமும் போன். வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்குமதியாகும் மின்கார்களுக்கான வரிவிலக்கு 2025 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்தது. சாலை வரி விலக்கும் அன்றைக்கே முடிந்து, 2026 ஜனவரியிலிருந்து மோட்டாரின் கிலோவாட்டைப் பார்த்து வரி கட்ட வேண்டும். இந்த இரண்டும் சீனாவிலிருந்து வருபவை, டெஸ்லாவும் ஷாங்காயில் செய்ததுதான். அதனால் விற்பனையாளர்கள் காலில் வெந்நீர் ஊற்றியதுபோல் அவசரப்படுத்தினார்கள். நானும் அவசரப்பட்டேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பிளக் பாயிண்ட் கருகாமல் இருந்திருந்தால் வயரிங்கைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். 2025க்குள் நாடு முழுக்க 10,000 பொதுச் சார்ஜர்கள் என்று அரசாங்கம் இலக்கு வைத்தது. அதில் 9,000 மெதுவானவை, 1,000 வேகமானவை என்று திட்டம். நான் வாரம் மூன்று நாள் போய்வரும் சாலையில் ஒன்றையும் பார்த்ததில்லை. சார்ஜர் என்றாலே பேரங்காடி, நெடுஞ்சாலை என்றுதான் எல்லாரும் யோசிக்கிறார்கள். டயாலிசிஸ் மையத்தின் வாசலில் நாலு மணி நேரம் சும்மா நிற்கிற கார்களை யாரும் யோசிப்பதில்லை. மெதுவான 7 கிலோவாட் சார்ஜர் ஒன்று அங்கே இருந்தால் நாலு மணி நேரத்தில் 28 யூனிட் ஏறிவிடும். எனக்கு அது மூன்று நாள் ஓட்டம். வேக சார்ஜருக்கு ஆகும் செலவும் இல்லை, மின்மாற்றியை மாற்ற வேண்டிய தொல்லையும் குறைவு. அரசாங்க மருத்துவமனை, டயாலிசிஸ் மையம், கோயில் மண்டபம், இப்படி மக்கள் மணிக்கணக்கில் உட்காருகிற இடங்களில் வைக்கச் சொல்லி உங்கள் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் தொகுதிக்காரர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள்.

கோயில் என்றதும் நினைவுக்கு வருகிறது. சீலயனிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கலாம், ஒரு அடாப்டரைச் சொருகினால் மின்விசிறி, விளக்கு, ரைஸ் குக்கர் ஓடும். மாடல் ஒய்யில் இந்த ரகத்துக்கு அது கிடையாது. எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவில் இரண்டு வருடத்துக்கு முன், தீ மிதிக்க ஆள் வரிசையாக நிற்கும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. லோரி முகப்பு விளக்கைப் போட்டுச் சமாளித்தோம். நான் இந்தக் கார் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கோயில் தலைவர், அடுத்த திருவிழாவுக்கு மைக் செட் உங்கள் காரிலிருந்து என்று இப்போதே சொல்லிவைத்துவிட்டார். கார் இன்னும் கப்பலில் வருகிறதோ துறைமுகத்தில் நிற்கிறதோ தெரியாது.

முன்பணம் கட்டிவிட்டேன். சாம்பல் நிறம், அவர் கேட்டது. வயர்மேன் வியாழக்கிழமை வருகிறார். குசினிப் பாயிண்டையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செம்பனை லோரி குத்தகைக்காரி ஒருத்தி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.

(பெயரைப் போட வேண்டாம். போன் இன்னும் கூடிவிடும்.)

பி.கு.: ஒன்றை விட்டுவிட்டேன். செம்பனைத் தோட்டம் என்றால் எலி. ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்தும் தோட்டத்தில் குறையவில்லை. என் பழைய காரின் ஒயரை இரண்டு தடவை கடித்துவிட்டது, இரண்டாவது தடவை போமன் (மெக்கானிக்) 900 வெள்ளி வாங்கினார். மின்காரின் ஒயரைக் கடித்தால் என்ன ஆகும், உத்தரவாதம் தாங்குமா என்று விற்பனையாளர்கள் இரண்டு பேரிடமும் கேட்டேன். நல்ல பையன்கள், பொறுமையாகப் பதில் சொல்கிறவர்கள், ஆனால் எலியைப் பற்றி அவர்களிடம் யாரும் இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. தோட்டத்துப் பக்கம் மின்கார் வைத்திருக்கும் வாசகர்கள் யாராவது இருந்தால், என்ன செய்கிறீர்கள் என்று இந்தப் பகுதியிலேயே எழுதுங்கள். நாப்தலின் உருண்டை என்று சொல்லாதீர்கள், அதைத் தின்றுவிட்டுத்தான் ஒயருக்கு வந்தது.